இரவில் அரிக்கிறதா? வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்து!

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோலைப் பற்றித் தெரியாதவர்கள் குறைவு. ஆட்டுக்குச் சொறி பிடித்திருந்தால், பதனிட்ட பிறகும் தோலில் தழும்பு தெரியும். விலை இறங்கிவிடும். அதனால் வியாபாரி ஒவ்வொரு தோலையும் புரட்டிப் பார்த்தே வாங்குவார்.

நம் பிள்ளைகளின் தோலை அப்படிப் பார்க்கிறோமா?

பிள்ளை இரவெல்லாம் சொறிகிறது. "உஷ்ணம்" என்கிறார் ஒருவர். "ரத்தம் கெட்டுவிட்டது" என்கிறார் இன்னொருவர். விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், இடுப்பு, தொப்புள் ஆகிய இடங்களில் பொரிப்பொரியாக இருந்து, வீட்டில் வேறு ஒருவருக்கும் அரித்தால், சிரங்குப் பூச்சியைச் சந்தேகிக்க வேண்டும்.

பத்துப் பூச்சி செய்யும் வேலை

இது சிலந்தி, உண்ணி இனம். எட்டுக் கால். நீளம் அரை மில்லி மீட்டர்கூட இல்லை. பெண் பூச்சி மேல்தோலில் சுரங்கம் தோண்டி, நாள்தோறும் 2 அல்லது 3 முட்டை இடும். பெரும்பாலும் ஒருவர் உடம்பில் 10, 15 பூச்சிகளே இருக்கும். அதற்கே இவ்வளவு அரிப்பு! பூச்சியும் அதன் கழிவும் உடம்புக்கு ஒவ்வாததே காரணம்.

ரத்தக் கோளாறு என்ற பேச்சு ஐரோப்பாவிலும் இருந்தது. 1687-ல் இத்தாலியில் பொனோமோ என்ற டாக்டரும் செஸ்டோனி என்ற மருந்துக்காரரும் பூச்சியே காரணம் என்று எழுதினார்கள்.

சொறிந்த புண்ணில் கிருமி புகுந்தால் சீழ் பிடிக்கும். சில சமயம் சிறுநீரகமும் கெடும். ஆகையால் "சொறிதானே!" என்று விட்டுவிடக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2017-ல் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

மருந்து போட்டும் போகவில்லையே, ஏன்?

முதல் தடவை தொற்றியவருக்கு 4 முதல் 6 வாரம் வரை அரிப்பே தெரியாது. ஆனால் அவரோடு ஒரே பாயில் படுப்பவருக்கு ஒட்டிவிடும். பிள்ளைக்கு மட்டும் மருந்து போட்டால், அரிப்பில்லாத அம்மாவிடமிருந்து அது திரும்பி வரும். எனவே, வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் வைத்தியம் நடக்க வேண்டும்.

டாக்டர் கொடுக்கும் பெர்மெத்ரின் களிம்பை, அரிக்கும் இடத்தில் மட்டும் தடவினால் போதாது. கழுத்திலிருந்து பாதம் வரை தடவி, இரவு முழுவதும் வைத்திருந்து காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் தடவ வேண்டும். துணிகளையும் போர்வையையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப் போடுங்கள். பூச்சி செத்த பிறகும் சில வாரம் அரிப்பு இருக்கலாம். பயப்பட வேண்டாம். ஐவர்மெக்டின் மாத்திரையும் உண்டு. கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் டாக்டரைக் கேட்காமல் அதைச் சாப்பிடக் கூடாது. கைக்குழந்தைக்கும் டாக்டர் சொல்கிறபடியே வைத்தியம் செய்யுங்கள்.

தோல் பதனிடுகிறவர்களுக்குக் குரோம் போன்ற ரசாயனத்தாலும் கையில் அரிப்பு வரலாம். அது மற்றவருக்கு ஒட்டாது. மருந்தும் வேறு. கடையில் ஏதோ ஒரு களிம்பை வாங்கிப் பூசினால் நோய் மறைந்து நிற்குமே தவிர, தீராது.

சொறி வந்த பிள்ளையை ஒதுக்குவது வைத்தியம் அல்ல. வெட்கப்பட்டு மறைப்பதும் வைத்தியம் அல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் காட்டலாம். ஒருவராகப் போகாதீர்கள், குடும்பத்தோடு போங்கள்!