சிவப்பு விளக்கு போதாது

அமெரிக்காவில் பறக்கும் பழைய செஸ்னா 172 ரகச் சிறு விமானங்கள் பலவற்றில், இரவானால் விமானியின் தலைக்கு மேலிருந்து ஒரு சிவப்பு விளக்குதான் கருவிப் பலகைக்கு வெளிச்சம் தருகிறது. அதற்கான நியாயம் பொய்யல்ல. கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரை மணி நேரம் ஆகும். பளிச்சென்ற ஒளி அதைச் சில நொடிகளில் கெடுத்துவிடும். இருட்டில் பார்க்க உதவும் செல்களோ சிவப்பை அநேகமாக உணர்வதில்லை. ஆனால் இந்தக் கணக்கில் ஜன்னலுக்கு வெளியே தெரிவது மட்டும்தான் இருக்கிறது. வேகமானியில் வெள்ளை, பச்சை, மஞ்சள் வளைவுகளும், தாண்டவே கூடாத வேகத்துக்குச் சிவப்புக் கோடும் உண்டு. சிவப்பு ஒளியில் வெள்ளையும் மஞ்சளும் சிவப்பும் ஏறத்தாழ ஒரே நிறம். கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத விமான நிலையங்களை வரைபடத்தில் மெஜந்தாவில் அச்சிடுகிறார்கள். அவை தாளோடு கரைந்துபோகும். வெள்ளெழுத்து வந்தவர்களின் பாடு இன்னும் திண்டாட்டம். கருவிகளையும் வரைபடத்தையும் படிக்க வெள்ளை விளக்கு வேண்டும் என்று அந்நாட்டு விமானப் போக்குவரத்துத் துறையின் கையேடே சொல்கிறது.

நிலவில்லாத இரவில் கடல் மீதோ பாலைவனத்தின் மீதோ பறப்பவருக்கு இருட்டுப் பார்வைதானே துணை என்று கேட்கலாம். அங்கே தொடுவானமே தெரியாது. விமானம் சாய்கிறதா என்பதைக் கருவிகள்தான் சொல்ல வேண்டும். ஆக, வாசிப்பின் தேவை அங்கேதான் அதிகம். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க வசதியுள்ள மங்கலான வெள்ளை விளக்கு இருந்தால் இருட்டுப் பார்வையும் பெரிதாகக் கெடாது.

நிறச் சண்டையைவிடப் பெரிய கவலை மின்சாரம். ஜெனரேட்டரும் பேட்டரியும் கைவிட்டால் பலகை விளக்கு அணைந்துவிடும். பழைய விமானங்களில் சாய்வைக் காட்டும் கருவி இன்ஜினோடு இணைந்த காற்று பம்பில் இயங்குவதால், அது மட்டும் சரியாகவே சுழன்றுகொண்டிருக்கும், பார்க்கத்தான் வழியிருக்காது. பெரிய விமானங்களுக்கு டார்ச் லைட்டைக் கட்டாயமாக்கிய அமெரிக்க விதிகள், தனியார் சிறு விமானத்தின் இரவுப் பயணத்துக்கான பட்டியலில் மாற்று ஃபியூஸ்களைச் சேர்த்து, டார்ச்சை விட்டுவிட்டன. எல்லோர் கையிலும்தான் செல்போன் இருக்கிறதே என்பார்கள். அதன் விளக்கு கண்ணைக் கூசவைக்கும், ஒரு கையையும் பிடித்துக்கொள்ளும். ஒளியைக் குறைக்கக்கூடிய, தலையில் மாட்டும் டார்ச்சின் விலை விமானச் செலவில் ஒரு பொருட்டே அல்ல. அதைப் பட்டியலில் சேர்க்கட்டும். இருட்டில் அந்த மாற்று ஃபியூஸைத் தேடி எடுத்து மாட்டவும் அதுதானே வேண்டும்.