பெட்டி மட்டும் குளிர்ந்தால் போதுமா?

முதல் கிளாஸ் முழுக்க நுரை. இரண்டாவதில் பாதி நுரை. அதற்கப்புறம்தான் பீர். இங்கே அமெரிக்காவில் வீட்டிலேயே பார் அமைத்து, கெக் (பீர் பீப்பாய்) வாங்கி வைத்திருக்கும் யாரை விசாரித்தாலும் இந்தப் புலம்பல்தான். கொஞ்சநஞ்சப் பணமா போட்டு, கெக்கைக் குளிரவைக்கும் கெகரேட்டர் பெட்டியை வாங்குகிறோம்? உள்ளே கெக் 3 டிகிரி செல்சியஸில் சில்லென்று இருக்கிறது. அந்தக் குளிர் டேப் வரைக்கும் வந்து சேர வேண்டாமா?

பெட்டிக்கு மேலே ஓரடி உயரத்துக்கு ஒரு தூண். அதற்குள் ஏறிவரும் பிளாஸ்டிக் குழாய். உச்சியில் உலோக டேப். குளிர்ந்த காற்று கனமானது, கீழேயே தங்கிவிடும். தூண் நிற்பதோ அறையின் சூட்டில். ஹூஸ்டன் மாதிரி ஊரில் கோடைக்காலத்தில் பார் வராண்டாவில் இருந்தால் அந்த டேப்பைத் தொட்டுப் பார்க்கவே வேண்டாம். இரண்டு கிளாஸுக்கு நடுவே அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தாலே போதும், தூணுக்குள் நிற்கிற பீர் சூடேறிவிடும்.

நிற்பது என்னவோ பத்து மில்லி அளவுதான். அது செய்கிற அட்டகாசம் பெரிது. பீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு குளிரில்தான் அடங்கியிருக்கும். கெக்கின் குளிரில் 11, 12 பிஎஸ்ஐ அழுத்தத்துக்குக் கட்டுப்படுகிற வாயுவை, பீர் 21 டிகிரிக்கு ஏறிவிட்டால் அடக்கிவைக்க ஏறக்குறைய 28 பிஎஸ்ஐ தேவைப்படும். அவ்வளவு அழுத்தம் குழாயில் கிடையாது. வாயு பிரிந்து வெளியே வருகிறது. பின்னால் வரும் குளிர்ந்த பீரும் சூடான டேப்பில் பட்டு நுரைத்துப் போகிறது. டேப்பே குளிர்ந்தபிறகுதான் கிளாஸில் ஒழுங்காக இறங்குகிறது.

இதைச் சொன்னால் விற்றவர்கள் சொல்லும் பதில்தான் வயிற்றெரிச்சல். "கேஸைக் குறைத்து வையுங்கள்" என்கிறார்கள். குறைத்து வைத்தால் நுரை நிற்காது. கெக்கிலும் குழாயிலும் வாயு பிரிந்து, சில நாளில் மொத்த பீரும் சப்பென்று ஆகிவிடும். இன்னொருவர் "கூட்டி வையுங்கள்" என்பார். கூட்டினால் பீருக்குள் வாயு மேலும் மேலும் ஏறி நுரை இன்னும் பொங்கும். கிளாஸைச் சாய்த்துப் பிடிக்கவில்லை, டேப்பை முழுசாகத் திறக்கவில்லை என்று கடைசியில் ஊற்றுகிறவர் தலையிலேயே பழியைப் போட்டுவிடுகிறார்கள். அழுத்தம் சரி, கை சரி, குழாயின் நீளமும் சரி. குளிர் பாதியில் நிற்கிறதே, அதைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை.

இதற்கு வழியே இல்லை என்றாலாவது மனசைத் தேற்றிக்கொள்ளலாம். கம்ப்யூட்டருக்குள் சுற்றுகிற மாதிரி ஒரு சின்ன 12 வோல்ட் மின்விசிறி, அதிலிருந்து டேப்புக்குப் பின்புறம் வரை போகும் ஒரு ஹோஸ், தூணின் உட்சுவரைச் சுற்றி நுரைப்பஞ்சு. பெட்டிக்குள் இருக்கும் குளிர்காற்றை மேலே தள்ளிவிட்டால், அது தூணைக் குளிர்வித்துத் தானாகக் கீழே இறங்கிவிடும். குழாயை ஒரு செம்புக் குழலுக்குள் விட்டு, குழலின் அடியைப் பெட்டிக்குள் இறக்கிவைத்தாலும் ஓரளவு பலன் உண்டு. பீர் ஊற்றிக் கொடுக்கும் கடைகளில் இந்தச் சின்ன விஷயத்தைக் கவனிக்காமல் தொழில் நடத்தவே முடியாது. கெக் ஓர் அறையிலும் டேப் தூரத்திலும் இருந்தால், பீர்க் குழாய்களோடு கிளைக்கால் என்ற குளிர்விக்கும் திரவம் ஓடும் குழாய்களையும் ஒன்றாகச் சுற்றி டேப் வரைக்கும் குளிரைக் கொண்டுபோகிறார்கள். அங்கே தினமும் நடப்பது வீட்டுப் பெட்டிக்கு மட்டும் ஏன் கூடுதல் சாமான் ஆகிறது? விசிறி தனி, ஹோஸ் தனி, பஞ்சு தனி. துளை போடுவதும் ஒட்டுவதும் நம் வேலை!

கொட்டிப்போகிற பீர்தான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. சிறிய கெக்கில் இருப்பதே சுமார் 19.5 லிட்டர். ஒவ்வொரு சாயங்காலமும் முதல் கிளாஸ் சிங்க்கில் போனால் மிச்சம் எவ்வளவு? பக்குவமாகக் காய்ச்சி, வாரக்கணக்கில் நொதிக்கவைத்து, ருசி பார்த்து அனுப்பிய ஒருவரின் உழைப்பு அது. கடைசி ஓரடியில் வந்து பாழாகிறது.

விளம்பரத்தில் பெட்டிக்குள் எத்தனை டிகிரி என்று பெரிதாகப் போடுகிறார்கள். நாம் பெட்டிக்குள் உட்கார்ந்தா குடிக்கிறோம்? அரைமணி நேரம் சும்மா விட்டபின் டேப்பிலிருந்து விழும் முதல் கிளாஸ் எத்தனை டிகிரி, அதைப் போடட்டும். வாங்குகிறவர்களும் பணத்தை எடுப்பதற்கு முன்னால் அதையே கேட்க வேண்டும். பதில் சொல்ல முடியாதவர் தூணுக்கான விசிறியையும் பெட்டியோடு சேர்த்தே கொடுக்கட்டும்.