மேடைக்கு வராத எழுப்புதல்

இலங்கையின் வடக்கில் இப்போது கிறிஸ்தவ ‘எழுப்புதல்’ கூட்டம் என்றால் பந்தல், கீபோர்ட், காது கிழியும் ஒலிபெருக்கி. கண்ணீர் வரும், கைகள் உயரும். குறை சொல்வதற்கில்லை. ஆனால் கூட்டம் கலைந்த அடுத்த திங்கட்கிழமையைப் பற்றி மேடையில் யாரும் அதிகம் பேசுவதில்லை.

யோசேப் வாஸ் அடிகளாருக்கு மேடையே கிடையாது. ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த 1687இல், கோவாவிலிருந்து கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தவர் அவர். பிறகு கண்டியில் ஒற்றன் என்ற சந்தேகத்தில் சிறை. 1697இல் அதே கண்டியில் பெரியம்மை பரவியது. வசதியுள்ளவர்கள் ஊரை விட்டு ஓட, நோயாளிகளைக் காட்டில் விட்டுவிட்டுப் போனார்கள் சொந்தக்காரர்கள். வாஸ் அடிகளாரும் மருமகன் கர்வால்ஹோ அடிகளாரும் அவர்களைத் தேடிப் போய், புண் கழுவி, உணவூட்டி, இறந்தவர்களுக்குக் குழியும் வெட்டினார்கள். சமயம் கேட்கவில்லை. அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் பௌத்தன். அவனே அந்த இரு அடிகளாரையும் மெச்சினான்.

முல்லைத்தீவு மாவட்டத்து உடையார்கட்டுக்காரருக்கு இந்தக் கதை தூரத்துக் கதையல்ல. இறுதிப் போர் நடந்த 2009 ஜனவரியில் அவ்வூர்ப் பாடசாலையே வைத்தியசாலையானது. வகுப்பறைத் தரையில் காயக்காரர் கிடந்தார்கள். அங்கே புண் துடைத்த கைகளை விடவா ஒரு பந்தல் பெரிய சாட்சி சொல்லிவிடப் போகிறது?

2015 ஜனவரி 14 காலை, கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்தார். அன்று பிற்பகலே வடக்கிலுள்ள மடு மாதா திருத்தலத்தில் இறங்கினார். போரில் உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் அங்கே வெயிலில் காத்து நின்றார்கள்.