தலைக்கும் அளவு உண்டு

ஜாக்கெட் தைக்கக் கொடுத்தால் டெய்லர் பத்து இடத்தில் டேப் வைத்து அளவெடுக்கிறார். பட்டுப் பாவில் ஓர் இழை அறுந்தாலும் தறியை நிறுத்தி முடிச்சுப் போடுகிற ஆரணியில்தான், ஹெல்மெட் வாங்கப் போன என் தலையை யாரும் அளக்கவில்லை. “இது லேடீஸ் மாடல்க்கா” என்று ஒரு பிங்க் நிறக் குல்லாயை நீட்டினார் கடைக்காரர். அது காதுக்கு மேலேயே நின்றுவிட்டது.

டெல்லியில் 2014 வரை பெண்களுக்கு ஹெல்மெட் கட்டாயமில்லை. அதைச் சலுகை என்றார்கள். எங்கள் மண்டை உடைந்தால் பரவாயில்லை என்பதற்குச் சலுகை என்றா பெயர்? சென்னை உயர் நீதிமன்றம் 2015இல் பின்னால் உட்காருபவருக்கும் கட்டாயம் என்றது. இன்றும் எங்கள் தெருவில் ஓட்டுகிற கணவர் தலையில் ஹெல்மெட். பின்னால் மனைவி தலையில் மல்லிகை.

கேட்டால், “பூ கசங்குமாம், முடி கலையுமாம்” என்று பழியை நம்மீதே போடுவார்கள். கணவரின் பழைய ஹெல்மெட் நமக்குக் கண்ணை மறைக்கிறது என்பதை யாரும் பேசுவதில்லை.

நான் டேப் கேட்டேன். புருவத்துக்குச் சற்று மேலே, பின்மண்டையின் புடைப்பைச் சுற்றி, 54 சென்டிமீட்டர். ஐஎஸ்ஐ முத்திரை பார்த்தேன். கொண்டையை அவிழ்த்துத் தாழப் பின்னிக்கொண்டேன். கன்னத்தைக் கவ்வ வேண்டும், நெற்றி வலிக்கக் கூடாது, வாரை மாட்டித் தலையை உதறினால் நகரக் கூடாது. ஆறாவதுதான் பொருந்தியது.

“இவ்வளவு நேரமா?” என்றார் கூட வந்தவர். கல்யாணப் புடவைக்கு ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தவர் அவர்.


தோழிகளே, கடையில் முதலில் டேப்பைக் கேளுங்கள்.