கடல் கடந்து வணிகம் கற்கப் புறப்படுமுன்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையிலே தந்தை ஒருவர் தம் மகனையும் அழைத்துக்கொண்டு என் இல்லத்திற்கு வந்திருந்தார். மகன் என்னிடம் கற்றவன். உயர்தரப் பரீட்சையிலே கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல் ஆகிய மூன்று பாடங்களிலும் நல்ல பெறுபேறு பெற்றவன். அவன் கையிலே வழவழப்பான தாளில் அச்சிடப்பெற்ற விளம்பரப் புத்தகங்கள் நான்கைந்து இருந்தன. தந்தையின் கையிலே பழைய உறை ஒன்று இருந்தது.

"மாஸ்டர், இவனை வெளிநாட்டுக்கு அனுப்பி வணிகம் படிப்பிப்பதென்று தீர்மானித்துவிட்டோம். எந்த நாடு நல்லது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார் அவர்.

உறையிலே இருப்பது யாதென்று வினவினேன். வயற்காணியின் உறுதி என்றும், வங்கியில் ஈடு வைப்பதற்காக எடுத்து வந்ததாகவும் கூறினார். அக்காணி இவனுக்கும் இவன் தங்கைக்கும் பொதுவானது என்பதை நான் அறிவேன். தங்கை இப்பொழுது பத்தாம் வகுப்பிலே படிக்கின்றாள்.

இவ்வாறு என்னிடம் வருவோர் ஆண்டுதோறும் பலர். ஆதலின், அன்று அவர்களுக்குக் கூறியவற்றை இவ்வாரம் இப்பகுதியிலே எழுதுவது பிறர்க்கும் பயன்படும் என்று கருதுகின்றேன்.

"எந்த நாடு?" என்பது முதலிலே கேட்கத்தக்க வினாவன்று. எதைக் கற்கப் போகின்றோம்? அதற்குரிய பணம் எங்கிருந்து வரும்? கற்று முடித்து ஊர் திரும்ப நேர்ந்தால் கையில் மிஞ்சுவது யாது? இம்மூன்றுக்கும் விடை கண்டபின் நாடு தானாகவே புலப்படும். இம்மூன்றையும் விட்டு நாட்டை முதலிலே தெரிவு செய்வோர், அளவு எடாமல் சட்டை தைப்பவரை ஒப்பர்.

முதலிலே படிப்பை நோக்குவோம். வணிகம் என்று ஒரு சொல்லாலே குறிப்பினும், அது எல்லா நாடுகளிலும் ஒரே வகையாகக் கற்பிக்கப்படுவதில்லை. இங்கிலாந்திலே இளமாணிப் படிப்புப் பெரும்பாலும் மூன்று ஆண்டுகள். சேர்ந்த நாள் முதலே தெரிந்த துறையிலே மாணவன் இறங்கிவிட வேண்டும். ஸ்கொத்லாந்திலே சிறப்புப் பட்டத்திற்கு நான்கு ஆண்டுகள் செல்லும். அமெரிக்காவிலும் நான்கு ஆண்டுகளே. ஆயினும் அங்கே முதலிரண்டு ஆண்டுகளிலே மொழி, வரலாறு, கணிதம், விஞ்ஞானம் முதலிய பொதுப் பாடங்களும் இடம்பெறும். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் 1881 ஆம் ஆண்டிலே வார்ட்டன் கல்லூரி தோன்றிய நாள் முதல் வணிகம் அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலே வளர்ந்து வந்திருக்கின்றது. கணக்கியலா, சந்தைப்படுத்தலா, நிதியா என்று இன்னும் தெளியாத மாணவனுக்கு அமெரிக்க முறை இடங்கொடுக்கும். தன் துறையை நன்கு தெளிந்தவனுக்கு இங்கிலாந்து முறை ஓராண்டை மிச்சப்படுத்தும்.

ஜேர்மனியின் முறை வேறு. அங்கே வணிக நிருவாகம் கணிதமும் புள்ளிவிபரவியலும் கணக்கியலும் சட்டமும் செறிந்த பாடம். மன்ஹைம் பல்கலைக்கழகம் இத்துறையிலே பெயர் பெற்றது. அந்நாட்டு அரச பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றிலே கல்விக் கட்டணம் இல்லை என்று கேட்டுப் பலர் மகிழ்கின்றனர். உண்மையே, ஆனால் முழு உண்மையன்று. மன்ஹைம் அமைந்துள்ள பாடன் வூர்ட்டம்பேர்க் மாநிலம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வருவோரிடம் தவணையொன்றுக்கு 1,500 யூரோ அறவிடும் முறையை 2017 ஆம் ஆண்டிலே தொடங்கியது. ஓராண்டுச் செலவுக்கென 11,904 யூரோவை முடக்கப்பட்ட கணக்கொன்றிலே வைத்துக் காட்ட வேண்டும் என்பது 2024 செப்டெம்பரில் வந்த விதி. மேலும், இளமாணி வகுப்புக்கள் பெரும்பாலும் ஜேர்மன் மொழியிலேயே நடைபெறுகின்றன. நம் உயர்தரச் சான்றிதழைக் கொண்டு நேரே சேரலாமா, அன்றி முன்னாயத்த வகுப்பொன்றிலே பயில வேண்டுமா என்பதையும் அப்பல்கலைக்கழகத்திடமே முன்கூட்டிக் கேட்டறிதல் வேண்டும். மொழி கற்க ஓராண்டைப் பொறுமையோடு செலவிடத் துணிந்தவனுக்கே அது மலிவான கல்வி. பொறுமையற்றவனுக்கு அதுவே விலை மிக்கதாகிவிடும்.

எந்நாடாயினும், பாடத்திட்டத்தை வரவழைத்து வரி வரியாக வாசியுங்கள். அப்பட்டத்தை நம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கின்றதா என்று கேளுங்கள். ஏ.ஏ.சி.எஸ்.பி., எகுவிஸ் என்னும் அமைப்புக்கள் வணிகக் கல்லூரிகளை ஆராய்ந்து தராதரச் சான்று வழங்குகின்றன. அச்சான்று உண்டா என்று பாருங்கள். கணக்காளராக விரும்புவோர், பட்டயக் கணக்காளர் பரீட்சைகளிலே எத்தனை தாள்களுக்கு அப்பட்டத்தால் விலக்குக் கிடைக்கும் என்பதையும் அறிதல் வேண்டும். ஒரு தாளுக்கு விலக்குப் பெற்றால் ஒரு பரீட்சையின் உழைப்பு மிச்சமாகும் அன்றோ?

இரண்டாவது பணம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பர் நம் பெரியோர். வணிகம் கற்கச் செல்லும் பிள்ளையின் முதற் பாடம் தன் சொந்தச் செலவைக் கணக்கிடுவதாகவே இருத்தல் வேண்டும்.

என் மாணவன் வேறொருவன் 2021 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே மூன்றாண்டுப் படிப்புக்காகக் கடல் கடந்து சென்றான். அக்காலத்திலே ஒரு அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 ரூபா. 10,000 டொலர் செலுத்த 20 இலட்சம் ரூபா போதும் என்பது அவன் தந்தையின் கணக்கு. 2022 மார்ச்சிலே ரூபாவின் பெறுமதி சரியத் தொடங்கி, மே மாதத்திலே டொலர் 360 ரூபாவைத் தாண்டியது. அதே 10,000 டொலருக்கு 36 இலட்சம் தேவைப்பட்டது. கல்லூரி ஒரு சதமும் கட்டணம் கூட்டவில்லை; பிள்ளையும் ஒரு பாடத்திலும் தவறவில்லை. இருந்தும் இரண்டாம் ஆண்டின் நடுவிலே அவன் படிப்பை நிறுத்தி ஊர் திரும்பினான். பட்டம் இல்லை, கடன் மட்டும் இருந்தது. ஆகவே, முதலாண்டுக் கட்டணத்தை மாத்திரம் திரட்டிக்கொண்டு புறப்படுதல் ஒருபோதும் ஆகாது. மூன்றாண்டுச் செலவையும் கூட்டி, அதன்மேல் ரூபாவின் வீழ்ச்சிக்கென ஒரு பகுதியையும் சேர்த்துப் பாருங்கள். அத்தொகை தாங்குமாயின் செல்லுங்கள்.

"பகுதிநேர வேலை செய்து கட்டிவிடுவேன்" என்று பிள்ளைகள் சொல்வர். இங்கிலாந்திலே பல்கலைக்கழக மாணவன் தவணைக் காலத்தில் வாரத்திற்கு 20 மணி நேரமே வேலை செய்யலாம். அவுஸ்திரேலியாவிலே இரு வாரங்களுக்கு 48 மணி நேரம் என்று 2023 இல் வரையறுத்தனர். இவ்வுழைப்பு உணவுக்கும் பேருந்துக்கும் உதவலாம். கல்விக் கட்டணத்தைச் சுமக்க அதனால் இயலாது.

செலவைக் குறைக்கும் வழிகளும் உள்ளன. அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகம் 1998 இலும், இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகம் 2000 இலும் மலேசியாவிலே கிளைகளை நிறுவின. அங்கே கற்போர்க்கும் தாய்ப் பல்கலைக்கழகத்தின் பட்டமே கிடைக்கின்றது. சிங்கப்பூரிலே பிற நாட்டு மாணவர்க்கும் அரசின் கட்டண உதவி உண்டு. அதனைப் பெற்றோர் பட்டம் பெற்றபின் மூன்று ஆண்டுகள் அந்நாட்டு நிறுவனமொன்றிலே வேலை செய்யக் கடமைப்பட்டவராவர். நம் நாட்டவர்க்கு இந்திய அரசு வழங்கும் நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசிலிலே வர்த்தகத் துறையும் அடங்கும். இவற்றையெல்லாம் விட, இலண்டன் பல்கலைக்கழகம் 1858 ஆம் ஆண்டு முதல் வெளிவாரிப் பட்டம் வழங்கி வருகின்றது. 1921 இலே கொழும்பில் தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரி அப்பட்டங்களுக்கே மாணவரை ஆயத்தப்படுத்தியது. வீட்டை விட்டு அகலாமலே இலண்டன் பட்டதாரியான ஆசிரியர்கள் நம் ஊர்களிலே எத்தனை பேர் இருந்தனர்! அவ்வழி இன்றும் அடைபடவில்லை.

மூன்றாவது வினாவே பெற்றோர் கேட்க அஞ்சுவது. பிள்ளை திரும்பி வர நேர்ந்தால்? பலர் உண்மையிலே கல்வியைத் தேடி நாட்டைத் தெரிவு செய்வதில்லை. படித்தபின் அங்கேயே தங்கும் வாய்ப்பை நோக்கியே தெரிவு செய்கின்றனர். அவ்விருப்பத்தை நான் குறை கூறேன். ஆனால் அவ்வாய்ப்பு நம் கையில் இல்லை என்பதை மறத்தலாகாது. இங்கிலாந்து, பட்டம் பெற்றோர் தங்கி வேலை தேடுவதற்கிருந்த அனுமதியை 2012 இலே நிறுத்தியது. 2021 ஜூலையிலே ஈராண்டு அனுமதியாக அதனை மீண்டும் தந்தது. 2027 ஜனவரி முதல் விண்ணப்பிக்கும் இளமாணி, முதுமாணிப் பட்டதாரிகளுக்கு அது 18 மாதங்களாகக் குறையும் என்று 2025 இலே அறிவித்தது. கனடாவிலே மாணவன் காட்ட வேண்டிய செலவுப் பணம் நெடுங்காலமாக 10,000 டொலராக இருந்து, 2024 ஜனவரியிலே 20,635 ஆகவும், 2025 செப்டெம்பரிலே 22,895 ஆகவும் உயர்ந்தது. அவுஸ்திரேலிய மாணவ விசாவின் கட்டணம் 710 டொலராக இருந்தது. 2024 ஜூலையிலே 1,600 ஆகவும், அடுத்த ஜூலையிலே 2,000 ஆகவும் ஏறியது.

இவற்றிலிருந்து நாம் அறிவது யாது? ஒரு பட்டப்படிப்பு முடியுமுன்பே ஒரு நாட்டின் சட்டம் மாறிவிடும். ஈடு வைத்த காணியின் வட்டியோ மாறாது. எனவே, தங்கும் அனுமதி கிடைத்தால் அது மேலதிக இலாபம் என்று கொள்ளுங்கள். அதை மூலதனமாகக் கொள்ளாதீர்கள். அனுமதி கிடையாமல் நாளையே திரும்பி வந்தாலும் மதிப்புடையதாய் நிற்கும் பட்டமும், குடும்பத்தை விழுத்தாத கடனும் உள்ள இடமே உங்கள் பிள்ளைக்கு ஏற்ற இடம்.

முகவர்களைப் பற்றியும் ஒரு சொல். அவர்களிலே நேர்மையானவர் பலர் உளர். ஆயினும், மாணவரைச் சேர்த்துக் கொடுப்பதற்காகப் பல முகவர்களுக்குப் பல்கலைக்கழகங்களே தரகு கொடுக்கின்றன. ஆதலால், அவர்கள் காட்டும் பட்டியலிலே இல்லாத நல்ல கல்லூரிகளும் உலகில் உண்டு என்பதை நினைவில் வைத்திருங்கள்.

இவற்றை அன்று நான் கூறி முடித்தபொழுது தந்தையார் ஒன்றும் பேசவில்லை. மகன் மாத்திரம் புத்தகங்களை மெல்ல அடுக்கி வைத்தான். "தம்பி, ஒரு தாளிலே மூன்று இடங்களை எழுது. ஒவ்வொன்றுக்கும் எதிரே படிப்பு, பணம், திரும்பி வருதல் என்று மூன்று நிரல்கள் இடு. விளம்பரப் புத்தகத்தைப் பாராமல், பல்கலைக்கழகத்திடமே எழுதிக் கேட்டு நிரப்பிக்கொண்டு வா" என்று சொல்லி அனுப்பினேன்.

சென்ற வாரம் இருவரும் மீண்டும் வந்தனர். தாள் நன்றாக நிரம்பியிருந்தது. இலண்டன் நகரக் கல்லூரியொன்றை அவனே கோடிட்டு வெட்டியிருந்தான். மலேசியாவிலுள்ள கிளையொன்றும் இந்தியப் புலமைப்பரிசிலும் எஞ்சியிருந்தன. நான் சொல்லாத நான்காவது நிரல் ஒன்றும் அத்தாளிலே இருந்தது. அதன் தலைப்பு "தங்கையின் படிப்புக்கு மிஞ்சுவது" என்பதாகும்.

தந்தையின் கைகளைப் பார்த்தேன். அன்று உறையைக் காணவில்லை. "உறுதி வீட்டிலே இருக்கிறது மாஸ்டர். முதலிலே புலமைப்பரிசிலுக்கு எழுதட்டும். பிறகு பார்ப்போம்" என்றார்.

அவன் எங்கே செல்வான் என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆயினும், வணிகம் கற்பதற்கு அவன் தகுதி பெற்றுவிட்டான் என்பதில் எனக்கு ஐயமில்லை.