மனைக்கல் நட்டால் ஊர் வளருமா?

விளைச்சல் குறைந்த நிலத்தை வீட்டுமனைகளாகப் பிரித்து விற்றால் சிற்றூர் தானாக வளர்ந்துவிடும் என்பதும், எந்த நிலம் எதற்குப் பயன்பட வேண்டும் என்று முன்கூட்டியே வரையறுக்கும் நிலப் பயன்பாட்டுத் திட்டம் பெருநகரங்களுக்கு மட்டுமே உரியது என்பதும் தமிழகத்தின் ஊராட்சிகளிலும் பேரூராட்சிகளிலும் ஐயத்துக்கு இடமற்ற நம்பிக்கைகளாகிவிட்டன. முதலாவது கணக்குத் தெரியாமையிலிருந்து பிறந்தது. இரண்டாவது, கணக்கை நன்கறிந்தவர்களின் ஆதாயத்திலிருந்து பிறந்தது.

தரிசு என்று சுட்டப்படும் நிலம் பல இடங்களில் இயல்பாகத் தரிசானதன்று. ஏரியின் மடையிலிருந்து புறப்படும் நீர் மேல்வயல்களைக் கடந்தே கடைமடைக்கு, அதாவது பாசனத்தின் இறுதி வயல்களுக்கு, வந்து சேர்வதால், இடையிலுள்ள வயலை வாய்க்காலோடு சேர்த்து மண் கொட்டி மேடாக்கி மனைக்கல் நட்டதும் கீழே உள்ளவர்களுக்குத் தண்ணீர் நின்றுபோகிறது. மழைக்காலத்தில் வடிய வழியற்ற வெள்ளம் மேல்வயல்களில் தேங்குகிறது. சில ஆண்டுகளில் பாதிக்கப்பட்ட வயல்காரர்களும் விற்றுவிட்டு வெளியேற, அந்த விற்பனையே விவசாயம் பொய்த்ததற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. நில உரிமையாளரின் உரிமை பற்றி உரக்கப் பேசுவோர் கடைமடைக்காரரும் நில உரிமையாளரே என்பதை ஏனோ நினைப்பதில்லை.

வளர்ச்சி என்று சொல்லப்படுவதும் பெரும்பாலும் பத்திரத்தளவில் நின்றுவிடுகிறது. மனையை வாங்குவோரில் பலர் குடியேற அன்றி விலையேற்றத்துக்காகவே வாங்குவதால், சீமைக் கருவேலம் மண்டிய மனைகளுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக எழும் வீடுகளுக்காக ஊராட்சி தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும் நெடுந்தூரம் கொண்டுசெல்ல வேண்டியிருக்கிறது. வீடு எழாத மனையிலிருந்தோ அதற்கு வீட்டுவரி வருவதில்லை.

1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் நடைமுறையில் இருந்தும், ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற பெயரில் ஊராட்சித் தலைவரின் கையொப்பம் மட்டுமே பெற்ற மனைகள், 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதிக்கும்வரை தாராளமாகப் பதிவாயின. அடுத்த ஆண்டே வரன்முறை விதிகள், அதாவது அங்கீகாரமற்ற மனைகளைக் கட்டணம் பெற்று முறைப்படுத்தும் விதிகள், வந்தன. பிரித்து விற்றவர் விலகிவிட்ட இடங்களில் அக்கட்டணம் மனையை வாங்கியவர் தலையிலேயே விழுந்தது.

விலை கிடைக்காத உழவர் தம் நிலத்தை விற்கக்கூடாதா என்ற கேள்வி நியாயமானதே. திட்டமிடல் விற்பனையைத் தடுப்பதில்லை, விற்றபின் அந்நிலம் என்னவாகிறது என்பதையே நெறிப்படுத்துகிறது. ஆயினும் உழவரின் வறுமையைக் காட்டி அதை எதிர்ப்போர், அவரிடம் ஏக்கர் விலைக்கு வாங்கியதைச் சதுர அடி விலைக்கு விற்றதில் கிடைத்த இலாபத்திலிருந்து வடிகாலுக்கு ஒரு பங்கு கேட்கப்பட்டால், அதை மட்டும் வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை என்கின்றனர்.