மெதுவா அடி என்று சொல்லாதே, மைக்கைத் தள்ளி வை

பறையை வீட்டிலேயே ஒலிப்பதிவு பண்ண முடியுமா என்று மாணவத் தோழர்கள் கேட்கிறார்கள். முடியும். பண்ணியே தீர வேண்டும் என்பது என் கட்சி. காசு கொடுத்து ஸ்டுடியோவுக்குப் போனால் என்ன நடக்கிறது? நாங்கள் போன இடத்தில் அடி விழுந்ததுமே இன்ஜினியர் முகத்தைச் சுளித்தார். "இரைச்சலா இருக்கு, மெதுவா அடிங்க." கடைசியில் அவர் கையில் கொடுத்ததில் கீபோர்டு முன்னால் நின்றது, பறை எங்கோ அடுத்த தெருவில் கேட்டது. அங்கேயும் சேரி ஊருக்கு வெளியேதான்!

இந்த 'இரைச்சல்' ஊர்க்காரன் வாயில் மட்டும் இல்லை, கருவிக்குள்ளும் இருக்கிறது. செல்போனில் பறையைப் பதிந்து கேட்டுப் பாருங்கள். முதல் அடி ஓங்கி விழும், அடுத்தடுத்த அடிகள் அமுங்கிப்போகும். போன் பேச்சுக்காகச் செய்த பொருள். குரலைத் தூக்கி மற்றதை அமுக்குகிற ஏற்பாடு பல போன்களில் தானாக ஓடுகிறது. எது இசை, எது இரைச்சல் என்று யாரோ எங்கேயோ உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். கருவிக்குச் சாதி உண்டா என்று சிரிக்க வேண்டாம். சாதி இல்லை, பழக்கம் இருக்கிறது. அந்தப் பழக்கத்தை அணைத்து வைக்கலாம், மாற்றிப் பழக்கலாம்.

ஒரு பழைய லேப்டாப், இரண்டு மைக் செருகுகிற ஆடியோ இன்டர்ஃபேஸ், இரண்டு டைனமிக் மைக், இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருள். இது போதும். கடைக்காரர் கண்டென்சர் மைக்கைத் தலையில் கட்டப் பார்ப்பார். அது 48 வோல்ட் கேட்கும், தெருக்கோடியில் நாய் குரைப்பதையும் பிடிக்கும். இப்போதைக்கு வேண்டாம்.

கேசட் காலத்து அண்ணன்கள், முள் சிவப்பைத் தொட்டால்தான் பதிவு கனமா இருக்கும் என்பார்கள். டேப்புக்கு அது ஓரளவு சரி. அளவு மீறினால் டேப் மெல்ல மெல்லக் கசங்கும். டிஜிட்டலில் 0 டெசிபல் என்பது சுவர். மோதினால் அலையின் தலை வெட்டுப்படும், பிறகு அதை ஒட்ட வைப்பது பெரும்பாடு. 24 பிட்டில் வைத்து, ஓங்கிய அடி மைனஸ் 12ஐத் தாண்டாதபடி கெயினைத் திருகுங்கள். சோதனைக்கு அடிக்கும்போது எவரும் முழு மூச்சில் அடிப்பதில்லை, ஆட்டம் சூடுபிடித்தால் கை ஏறும். அதற்கும் இடம் விடுங்கள். கெயினை முழுக்க இறக்கியும் சிவப்பு எரிகிறதா? மைக்கைத் தள்ளி வையுங்கள். இன்டர்ஃபேஸில் பேட் பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். அடிக்கிற தோழரிடம் மட்டும் மெதுவா அடி என்று சொல்லாதீர்கள். அதைத்தான் எல்லாரும் சொல்லிவிட்டார்களே.

ஒரு மைக் தோலுக்கு முன்னால் மூன்றடி தள்ளி, இன்னொன்று பின்பக்கம். இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போது கனம் போய் வெறும் எலும்பாகக் கேட்டால் பயப்பட வேண்டாம். தோல் ஒரு பக்கம் தள்ளும்போது மறுபக்கம் இழுக்கிறது, இரண்டு அலையும் ஒன்றை ஒன்று தின்கின்றன. ஒரு தடத்துக்கு மட்டும் 'இன்வர்ட்' கொடுங்கள், கனம் திரும்பும். தகரக் கூரை எதிரொலித்தால் பாயும் கம்பளியும் கட்டுங்கள்.

ம்ம்ம் என்று அடியில் உறுமினால் அது 50 ஹெர்ட்ஸ் கரண்ட். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால் மின் இணைப்பின் பக்கம் கோளாறு, முதலில் எர்த்தைப் பாருங்கள். நம்ம காலனி வீடுகள் பலவற்றில் பிளக்கின் மூன்றாவது துளை பேருக்குத்தான் இருக்கிறது, கான்ட்ராக்டர் கம்பியே இழுத்திருக்க மாட்டான். பாட்டு கெடுவது இருக்கட்டும், ஆள் செத்துப்போகிற விசயம் இது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எர்த் முனையை வெட்டிவிட்டால் உறுமல் போயிடும் என்று எவனாவது யோசனை சொன்னால் அவனை வெளியே அனுப்புங்கள்.

தோலைப் பற்றி இன்டர்ஃபேஸோடு வருகிற கையேட்டில் ஒரு வரி இருக்காது. காய்ச்சின பறை நேரம் ஆக ஆகச் சுருதி இறங்கும். காலையில் பதிந்ததையும் மதியம் பதிந்ததையும் ஒட்டினால் ஒட்டாது. ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் மறுபடி காய்ச்சுங்கள், நெருப்பு வெளியே, ஒயர் உள்ளே. தனித்தனியாக அடித்து ஒட்டுகிற வேலையும் எனக்கு உடன்பாடு இல்லை. ஒருத்தர் கண்ணை ஒருத்தர் பார்த்து அடி மாற்றுகிற ஆட்டத்தை ஹெட்போனுக்குள் அடைத்தால் என்ன மிஞ்சும்?

பறையையே தூக்கி எறியணும் என்று சொன்ன தோழர்கள் உண்டு. அவர்கள் கோபம் நியாயம். சாவுக்கு அடி என்று ஊர் ஏவினால் மறுப்போம். ஆனால் அடி தெரிந்த பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள், அந்தக் கை யாரிடம் இருக்கப்போகிறது?

ஆகவே பதிந்ததும் கோப்பின் பெயரிலேயே தேதி, ஊர், அடியின் பெயர், அடித்தவர் பெயர் எல்லாம் எழுதுங்கள். 'நாட்டுப்புறக் கலைஞர்கள்' என்று மொட்டையாகப் போடுகிறார்களே, அது வேண்டாம். பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம், நிகழ்த்தியவர் தன் பெயரைக் கேட்டு வாங்குகிற உரிமையைத் தந்திருக்கிறது. கலக்காத மூலத் தடங்களை எவருக்கும் தூக்கிக் கொடுக்காதீர்கள். இரண்டு நகல் எடுங்கள். ஒன்று உங்கள் ஹார்ட் டிஸ்கில், இன்னொன்று அடித்தவர் வீட்டில்.